பில்லில் 32, பில்லில் 33: கேமரா கம்பெனிகளுக்கு மார்த்தாண்டத்திலிருந்து ஒரு திறந்த மடல்

லட்சக்கணக்கில் விலை போட்டு இந்தியாவில் கேமரா விற்கும் எல்லாக் கம்பெனிகளுக்கும், குறிப்பாக எந்த ஊருக்கு என்ன விலை, எந்த மாநிலத்துக்கு என்ன ஆஃபர் என்று உட்கார்ந்து முடிவு செய்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் மார்த்தாண்டத்தில் 19 வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், ஞானஸ்நானம், கோயில் கொடை, பள்ளிக்கூட ஆண்டு விழா, எது வந்தாலும் எடுப்பேன். அதற்கு முன்னால் இதே கடையில் அப்பா ஒரு யாஷிகா ட்வின் லென்ஸ் கேமராவை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் குடும்பம் நடத்தினார். அதை அவர் யாரிடம் வாங்கினார், என்ன கொடுத்தார் என்று சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார், ஏனென்றால் அதற்கு ஒரே விலைதான் இருந்தது. என் கடையில் இப்போது இருக்கும் கேமராவின் விலை என்ன என்று என் மகன் கேட்டால் நேராகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. பெட்டியில் ஒரு விலை, கடைக்காரர் சொன்னது ஒரு விலை, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி என் அத்தான் கொடுத்தது வேறொரு விலை. இந்த மடல் அதைப் பற்றித்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை, ஏனென்றால் உங்களில் ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் கிடையாது, வழக்கம் எல்லோரிடமும் ஒன்றுதான்.

2024 ஆவணி. எங்கள் பக்கம் ஆடி முழுவதும் கல்யாணம் கிடையாது, ஆவணி பிறந்ததும் முகூர்த்தம் தொடர்ந்து வரும். என்னுடைய பழைய பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவைத்தான் பாடி என்போம்) ஷட்டர் தகராறு பண்ண ஆரம்பித்திருந்தது, கல்யாண மேடையில் தாலி கட்டும் நேரத்தில் அது நின்றுவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு நான் எந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் ஈடாகாது. அதனால் ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை, நாகர்கோவிலில் ஒரு கடையில் புதிய ஃபுல் ஃப்ரேம் பாடி ஒன்று வாங்கினேன். பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் எம்ஆர்பி 3,79,990. கடைக்காரர் போட்டுக்கொடுத்தது 3,40,000. "மக்களே, இதுதான் எம்ஓபி, இதுக்குக் கீழே பில் போட்டா எனக்கு சப்ளை நின்னு போகும், வேணும்னா ஒரு பேக் தாறேன்" என்றார். எம்ஓபி என்றால், இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று கடைக்குக் கம்பெனி சொல்லும் விலை. அவரை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும், பொய் சொல்கிற ஆள் கிடையாது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்காவை எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கும் பாறசாலையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். திருவோணத்தன்று, செப்டம்பர் 15, ஓணச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். அத்தானும் போட்டோகிராஃபர்தான். அவர் வீட்டு மேசையில் என்னுடையதைப் போலவே ஒரு பெட்டி, அதே பாடி. சாப்பிட்டு முடித்து, இலை எடுத்த பிறகு, இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என்னுடையது போனில் இருந்தது, அவருடையது காகிதத்தில். அவர் ஆகஸ்ட் 24-இல் திருவனந்தபுரத்தில் வாங்கியிருக்கிறார், எனக்கு இரண்டு நாள் கழித்து. பில் தொகை 3,05,000. ஒரு எக்ஸ்ட்ரா பேட்டரியும் 128 ஜிபி கார்டும் இலவசம். ஓணம் ஆஃபர், மலையாள மாதமான சிங்கம் 1-ஆம் தேதியே, அதாவது ஆகஸ்ட் 17-ஆம் தேதியே தொடங்கிவிட்டதாம். நான் நாகர்கோவில் கடையில் நின்று பேரம் பேசிக்கொண்டிருந்த அன்று அந்த ஆஃபர் நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் உங்கள் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். நல்ல மரியாதையாகப் பேசிய ஒரு பெண், சீரியல் நம்பரைக் கேட்டார், பில்லை அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. சலுகை கேரளாவில் பில் போட்டவர்களுக்கு மட்டும், உங்கள் பில்லில் ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்குகிறது, மன்னிக்கவும். அதற்குப் பிறகுதான் நான் அந்த எண்ணைக் கவனித்தேன். கடைக்காரரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கமும் மாநிலத்தைக் குறிக்கும். கேரளா 32, தமிழ்நாடு 33. என் கேமராவுக்கும் அத்தான் கேமராவுக்கும் வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே இறக்குமதியாளர் பெயரில், ஒரே மாதம் இறக்குமதி ஆனவை, ஸ்டிக்கரில் அப்படியே போட்டிருக்கிறது.

35,000 ரூபாய். ஒரு கல்யாணத்துக்கு ஆல்பம் அடித்து, ஹெலிகேம் ஆளுக்கும் உதவிக்கு வரும் பையன்களுக்கும் கொடுத்து, பெட்ரோல் போட்டு, கடைசியில் என் கையில் நிற்பது பல நேரம் இதைவிடக் குறைவுதான்.

"அப்படியானால் நீயும் கேரளாவில் போய் வாங்கியிருக்கலாமே" என்று பலர் கேட்டார்கள், நீங்களும் கேட்பீர்கள். அதையும் என் ஆடிட்டரிடம் உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டேன். நான் ஜிஎஸ்டி பதிவு செய்தவன். 3,40,000-இல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறது, அதாவது 51,864 ரூபாய் வரி. தமிழ்நாட்டில் வாங்கியதால் அந்த வரியை நான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். திருவனந்தபுரத்தில் கடையில் நேரே நின்று வாங்கினால் கேரளாவின் மாநில ஜிஎஸ்டி போட்டுத்தான் பில் தருவார்கள், அதை இங்கே என் கணக்கில் வரவு வைக்க முடியாது என்றார் ஆடிட்டர். 35,000 லாபத்துக்காகப் போய்ச் சுமார் 46,000 வரவை விட்டுவிட்டு வந்திருப்பேன். சரி, அந்தக் கடைக்காரரே என் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு, ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடும் ஜிஎஸ்டி) பில்லாக, பார்சலில் மார்த்தாண்டத்துக்கு அனுப்பியிருந்தால்? வரி வரவு கிடைக்கும். ஆனால் அத்தானிடம் இருந்த ஆஃபர் நோட்டீசை வாசித்தேன், டெலிவரி முகவரியும் கேரளாவில் இருக்க வேண்டும் என்று கீழே போட்டிருந்தது. எந்தப் பக்கம் போனாலும் வேலி இருக்கிறது. நீங்கள் அதை யோசித்துத்தான் போட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. எங்கள் மாவட்டத்தில் மலையாளம் வாசிக்கவும் பேசவும் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்ற நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தன. இன்றும் ஓணத்துக்கு கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுகிறார், தோவாளைப் பூச்சந்தையிலிருந்து அத்தப்பூவுக்கு லாரி லாரியாகப் பூ போகிறது. வீட்டில் மலையாள சேனல் ஓடும். உங்கள் ஓணம் விளம்பரம் எங்கள் டிவியில் வருகிறது, மலையாளப் பத்திரிகையில் முழுப் பக்கமாக வருகிறது. பெரிய எழுத்தில் தள்ளுபடி மலையாளத்தில், "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்பது மட்டும் ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட விளம்பர வழிகாட்டுதல்களில், விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் நிபந்தனையும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. விளம்பரம் எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது, ஆஃபர் மட்டும் செக்போஸ்டிலேயே நின்றுவிடுகிறது.

நான் உலகம் தெரியாமல் பேசவில்லை. ஊருக்கு ஊர் விலை மாறுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு வருஷமாக இதையே தேடித் தேடி வாசித்தேன். ஜெர்மன் கம்பெனி லைகாவின் க்யூ3 கேமராவை எடுத்துக்கொள்கிறேன், 2023 மே மாதம் வந்தது. அப்போது ஜெர்மனியில் விலை 5,950 யூரோ, அமெரிக்காவில் 5,995 டாலர். பார்த்தால் ஏறக்குறைய ஒரே எண் போலத் தோன்றும். ஆனால் ஜெர்மனி விலையில் 19 சதவீத வாட் வரி உள்ளேயே இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் சரியாக 5,000 யூரோ. அமெரிக்கா விலையில் வரி கிடையாது, அந்தந்த மாநிலத்தில் பில் போடும்போது மேலே சேர்ப்பார்கள். அன்றைக்கு ஒரு யூரோ ஏறக்குறைய 1.07 டாலர். ஆக லைகாவின் ஊரான வெட்ஸ்லாரில் செய்த அதே கேமரா வரி நீங்கலாக ஜெர்மனியில் 5,350 டாலருக்கும், கடல் தாண்டினால் 600 டாலருக்கு மேல் கூடுதலாகவும் விற்றது. கப்பல் செலவு, அங்கே கடை நடத்தும் செலவு, நாணயம் ஏறி இறங்கினால் தாங்க ஒரு இடைவெளி, எல்லாம் அதில் இருக்கலாம். அதில் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு விலையையும் லைகா எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட்டிருந்தது, மார்த்தாண்டத்தில் உட்கார்ந்துகொண்டு என்னாலேயே வகுத்துப் பார்க்க முடிந்தது.

ஜப்பானில் இன்னொரு விதம். அங்கே உள்ளூர் மக்களுக்கு என்று விற்கும் சோனி கேமராக்கள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும், வேறு மொழிக்கு மாற்றவே முடியாது. யென் விழுந்த காலத்தில் சுற்றுலா போகிறவர்கள் அள்ளிக்கொண்டு வராமல் இருக்க மொழியே வேலியாகிவிடுகிறது. எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனாலும் வாங்குகிறவனுக்குக் கடையிலேயே தெரிந்துவிடுகிறது, திரையில் தெரிகிறது. எனக்குப் போட்ட வேலி என் பில்லில் இரண்டு இலக்கத்துக்குள் ஒளிந்திருந்தது, பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது.

2025-இல் அமெரிக்கா இறக்குமதி வரியைக் கூட்டியபோது லைகா, நிக்கான், கேனான், சோனி எல்லாமே அங்கே விலையை ஏற்றின. நிக்கான் ஜூன் 23 முதல் விலை மாறும், காரணம் இறக்குமதி வரி என்று முன்கூட்டியே அறிவித்தது. ஏற்றும்போது தேதி சொல்ல முடிகிறது. இந்தியாவில் அரசு டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டியை 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைத்தபோதும் தேதி சொன்னார்கள், 2019 ஜனவரி 1. அந்தத் தேதி காஷ்மீருக்கும் கன்னியாகுமரிக்கும் ஒன்றுதான். டிசம்பர் கடைசியில் வாங்கலாமா ஜனவரியில் வாங்கலாமா என்று எங்கள் ஊர்ப் போட்டோகிராஃபர்கள் எல்லோரும் யோசித்து முடிவு செய்ய முடிந்தது, நானும் கேமரா ஒன்றைப் பத்து நாள் தள்ளிப்போட்டு வாங்கினேன்.

விலையைக் குறைத்தால் பெயர் கெட்டுப்போகும் என்று நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. விலை உயர்ந்த பொருளுக்கு அது உண்மையான பயம்தான். போன மாதம் ஆறு லட்சம் கொடுத்து வாங்கியவர், இந்த மாதம் நீங்கள் ஐந்துக்கு விற்றால் அடுத்த முறை உங்களிடம் வரமாட்டார், அவருடைய பழைய கேமராவுக்கும் விலை விழும். அதனால்தான் லைகா போன்றவர்கள் தள்ளுபடி என்ற சொல்லையே தொடுவது குறைவு, பழைய கேமராவைக் கொடுத்துப் புதியது எடுத்தால் அதன் மதிப்புக்கு மேல் ஒரு தொகை கூட்டித் தருகிறோம் என்பார்கள். மற்றவர்கள் ரிபேட், கேஷ்பேக், இன்ஸ்டன்ட் டிஸ்கவுண்ட், எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்பார்கள். விலைப்பட்டியலில் எண் மாறாது, வாங்குகிறவன் கையிலிருந்து போகும் பணம் மட்டும் மாறும். ஆனால் ஹாஸெல்பிளாட் கேமரா கம்பெனி என்ன செய்தது? அதன் எக்ஸ்2டி கேமரா 2022-இல் 8,199 டாலருக்கு வந்தது, அதற்கு அடுத்த எக்ஸ்2டி II 2025 ஆகஸ்டில் 7,399 டாலருக்கு வந்தது. புதிய மாடல், கூடுதல் வசதி, 800 டாலர் குறைவு, விலைப்பட்டியலிலேயே. ஹாஸெல்பிளாட்டின் பெயர் அதனால் கெட்டுப்போனதாக யாரும் பேசி நான் கேட்கவில்லை. விலையைக் குறைக்க வேண்டும் என்றால் நேராகக் குறைக்கலாம், கௌரவம் போகாது.

ரிபேட் எப்படி வேலை செய்கிறது என்று கடைக்காரர்களிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் கடைக்கு ஒரே விலையில்தான் பொருளைத் தருகிறீர்கள். ஸ்கீம் ஓடும் நாட்களில் அவர் குறைந்த விலைக்கு விற்று, சீரியல் நம்பரையும் பில்லையும் உங்கள் போர்ட்டலில் ஏற்றுவார். நீங்கள் சரிபார்த்து, ஒன்றிரண்டு மாதம் கழித்து அந்த வித்தியாசத்தை கிரெடிட் நோட்டாக அனுப்புவீர்கள். ஆக, ஸ்கீமில் இல்லாத ஊர்க் கடைக்காரர் என் மேல் இரக்கப்பட்டு 35,000 குறைத்தால் அது முழுக்க அவர் கையிலிருந்து போகும், அவருக்கு அந்த பாடியில் கிடைக்கும் லாபமே அவ்வளவு வராது. அது போதாதென்று எம்ஓபிக்குக் கீழே விற்றால் சப்ளை நிற்கும் என்ற பயம் வேறு. நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. போட்டிச் சட்டம் 2002-இன் 3(4) பிரிவில், மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்துவது, போட்டிக்குப் பாதகமாக இருந்தால், தவறு என்று இருக்கிறது. டீலர்கள் கூடுதல் தள்ளுபடி தரக் கூடாது என்று கட்டுப்படுத்தியதற்காக 2021 ஆகஸ்டில் போட்டி ஆணையம் மாருதி சுசூகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் போட்டது, வாடிக்கையாளர் போல ஆட்களை அனுப்பி டீலர்களைச் சோதித்தது வரை அந்த உத்தரவில் பேசியிருக்கிறார்கள், அது மேல்முறையீட்டுக்கும் போனது. கேமராவுக்கும் அப்படித்தான் நடக்கிறது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எங்கள் ஊரில் ஒரு நல்ல கடைக்காரர் தன் சொந்த லாபத்திலிருந்து இரண்டாயிரம் குறைக்கக்கூடப் பயப்படுகிறார், அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சீரியல் நம்பர் வரைக்கும் உங்களிடம் கணக்கு இருக்கிறது இல்லையா? அப்படியானால் ஆஃபரை யாரும் இரண்டு முறை எடுத்து ஏமாற்ற முடியாது. பிறகு எதற்கு 32, 33 என்று பார்க்க வேண்டும்?

உங்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டேன், ஒரு விற்பனைப் பிரதிநிதி தன் பெயரைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு பேசினார். கேரளாவில் ஓணத்துக்கு அரசு ஊழியர்களுக்கு போனஸ் வருகிறது, மக்கள் கையில் பணம் இருக்கும், எல்லாக் கம்பெனியும் அங்கே போட்டி போடும், அதனால் ஆஃபர் அங்கே, தமிழ்நாட்டுக்கு தீபாவளி இருக்கிறது என்றார். சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ அது சரியாக இருக்கலாம். எங்களுக்கு ஆவணிதான் சீசன், தீபாவளி வருவதற்குள் எங்கள் கேமரா இருபது கல்யாணம் ஓடி முடித்திருக்கும். மாநில எல்லையை வைத்துச் சந்தையைப் பிரித்தால் எங்கள் மாவட்டம் இரண்டு பக்கமும் சேராமல் போகிறது. வியாபாரத்தில், திருமணத்தில், ஆஸ்பத்திரியில், எல்லாவற்றிலும் நாங்கள் பாதி நாள் அந்தப் பக்கம்தான். தக்கலைக்குப் பக்கத்தில் நிற்கிற பத்மநாபபுரம் அரண்மனையையே கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது, இரண்டு அரசும் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து இத்தனை வருஷமாக நடத்திக்கொண்டு வருகின்றன. ஒரு கேமராவின் ஆஃபருக்கு வழி கண்டுபிடிக்க முடியாதா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 டிசம்பர் 3 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. ஒரு நாட்டுக் கடைக்காரர், வாங்க வருகிறவர் ஒன்றியத்தின் வேறொரு நாட்டுக்காரர் என்பதற்காக மட்டும் அவரைத் தடுக்கவோ வேறு நிபந்தனை போடவோ கூடாது. அங்கே தனித்தனி நாடுகள், தனித்தனி வாட். இங்கே ஒரே நாடு, 2017 ஜூலை 1 முதல் ஒரே நாடு ஒரே வரி என்று சொல்லித்தான் ஜிஎஸ்டியைக் கொண்டுவந்தார்கள். கேமராவுக்குக் கேரளாவிலும் 18 சதவீதம், இங்கேயும் 18 சதவீதம்.

அப்புறம், வெளிநாட்டு விஷயம். எங்கள் மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு கிடையாது. "துபாயில் ஐந்து சதவீதம்தான் வாட், அண்ணே, ஊருக்கு வரும்போது ஒன்று எடுத்துட்டு வாறேன்" என்று சொல்லும் தம்பிகள் எனக்கே மூன்று பேர் இருக்கிறார்கள். 2026 பிப்ரவரி வரை நடப்பில் இருந்த 2016 பயணப் பொதி விதிகளின்படி 50,000 ரூபாய் வரைதான் வரி இல்லாமல் கொண்டுவர முடிந்தது, அதற்கு மேல் போனால் 38.5 சதவீதம். இரண்டரை லட்சம் கேமராவுக்கு 77,000 ரூபாய் விமான நிலையத்திலேயே கட்ட வேண்டியிருந்தது. முறையாகக் கட்டினால் லாபம் போய்விடும், கட்டாமல் வந்தால் அது குற்றம், நான் அதைச் செய்ய மாட்டேன். ஆனால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்றால் இங்கே விலை எப்போது சரியான விலை என்று தெரியவில்லை, ஏமாந்துவிடுவோமோ என்ற பயம். அப்படி வந்த ஒரு லென்ஸ், முட்டத்தில் மீனவர் குடியிருப்பில் வேலை செய்யும் என் நண்பர் ஒருவருடையது. ஆறு மாதத்தில் முன் கண்ணாடிக்குப் பின்னால் சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ். டார்ச் அடித்துப் பார்த்தோம், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை நூல் நூலாக ஓடியிருந்தது. கடல் காற்று, இரண்டு பருவ மழை, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்தாலும் ஒரு கல்யாணத்துக்கு எடுத்துவிட்டு நனைந்த பேக்கோடு இரண்டு நாள் விட்டால் போதும். ஃபங்கஸுக்கு வாரண்டி வராது, அது அவருக்கும் தெரியும். காசு வாங்கிக்கொண்டு சுத்தம் செய்து தாருங்கள் என்றுதான் உங்கள் சர்வீஸ் சென்டரில் கேட்டார். இது இந்தியாவுக்கு வந்த சீரியல் நம்பர் கிடையாது, தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் பெயர் பொறித்த, உங்கள் தொழிற்சாலையில் செய்த லென்ஸை, முழுக் கூலி கொடுத்தாலும் தொட மாட்டேன் என்கிறீர்கள். இதை எப்படி ஏற்றுக்கொள்வது?

இப்போது எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். விலையைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. நாலு லட்சம் என்றால் நாலு லட்சம், முடிந்தால் வாங்குவேன், முடியாவிட்டால் பழையதைப் பழுது பார்த்து ஓட்டுவேன். ஆஃபரை மறைக்காதீர்கள். ஓணம் ஆஃபர் என்றைக்குத் தொடங்குகிறது, எந்த மாடலுக்கு, எந்த மாநிலத்துக்கு என்று, விளம்பரம் போடும் அன்றே உங்கள் இந்தியத் தளத்தில், தமிழிலும் மலையாளத்திலும், ஒரே இடத்தில் போடுங்கள். பக்கத்து மாநிலத்தில் ஆஃபர் ஓடும்போது நாகர்கோவில் கடைக்காரருக்கும் அதைச் சொல்லுங்கள், வாங்க வருகிறவனிடம் அவர் சொல்லட்டும், முடிவை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். வாங்கி 30 நாளுக்குள் நாட்டில் எங்கேயாவது அதே மாடலுக்கு ரிபேட் வந்தால், சீரியல் நம்பரைப் பதிவு செய்தவருக்கு அந்தத் தொகையைத் திருப்பித் தாருங்கள், வங்கிக்கு அனுப்ப முடியாவிட்டால் அடுத்த லென்ஸில் கழித்துக்கொள்ளும் கூப்பனாகவாவது தாருங்கள். கேஷ்பேக்கை ஒரே ஒரு வங்கியின் கிரெடிட் கார்டோடு கட்டிப்போடுவதை நிறுத்துங்கள், எங்கள் தொழிலில் பாதிப் பேர் கூட்டுறவு சங்கத்திலும் சீட்டிலும் பணம் எடுத்துத்தான் கேமரா வாங்குகிறோம். வெளிநாட்டில் வாங்கியதென்றாலும், பில்லும் சுங்கவரி ரசீதும் காட்டுகிறவருக்குக் கூலி வாங்கிக்கொண்டு சர்வீஸ் செய்து கொடுங்கள்.

எல்லை ஓரத்து மாவட்டங்களுக்கு ஒரு வழி செய்ய முடியுமா என்றும் யோசியுங்கள். பின்கோடைப் பார்த்து டெலிவரி தருகிறீர்கள், அதே பின்கோடைப் பார்த்து ஆஃபரும் தரலாம். எங்களைப் போலத்தான் செங்கோட்டையும், கம்பமும், வாளையாறுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களும்.

இதைப் பெரிய பணக்காரர்கள் பிரச்சினை என்று சிலர் நினைக்கலாம், லட்சக்கணக்கில் கேமரா வாங்குகிறவனுக்கு 35,000 ஒரு பொருட்டா என்று. விலை உயர்ந்த கேமராவை ஆசைக்கு வாங்குகிற டாக்டர்களும் என்ஜினியர்களும் இருக்கிறார்கள், இருக்கட்டும், சூரியன் மறைவதையும் நிலவு உதிப்பதையும் ஒரே நேரத்தில் எடுக்கலாம் என்று சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரிக்கு வரும் அவர்கள் கழுத்தில் தொங்குவதைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். அவர்களில் பலருக்குத் திருவனந்தபுரத்திலோ பெங்களூரிலோ ஒரு வீடு இருக்கும், எந்த ஊரில் எப்போது மலிவு என்று சொல்ல ஆள் இருக்கும். அதே கேமராவை, கடன் வாங்கி, மூன்று வருஷம் தவணை கட்டி, அதைக்கொண்டு சோறு சாப்பிடுகிறவன் வாங்கும்போது அவன்தான் எப்போதும் முழு விலை கொடுக்கிறான். ஏனென்றால் அவனுக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, ஆஃபர் வரும் வரை காத்திருக்க முடியாது. 2024 ஆவணியில் நான் அப்படித்தான் நின்றேன், என்னோடு குலசேகரத்திலும் கருங்கலிலும் இரண்டு பேர் அதே வாரத்தில் அதே விலைக்கு வாங்கியிருக்கிறார்கள், பேசிப் பார்த்தபோது தெரிந்தது.

என் பில்லையும், அத்தான் சம்மதத்தோடு அவருடைய பில்லையும், கஸ்டமர் கேரிலிருந்து வந்த பதிலையும், பெயர்களை மறைத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த மடலை உங்கள் எல்லோருடைய இந்திய அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். போனில் வேண்டாம், எழுத்தில் பதில் தாருங்கள். அடுத்த சிங்கம் பிறப்பதற்குள் வந்தால் போதும், அத்தான் ஒரு லென்ஸ் எடுக்க வேண்டும் என்கிறார், எனக்கும் ஒன்று எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்திலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரன்